‘அன்னிக்கு அந்த போனை எடுத்திருக்கலாமே!’ - நம் முடிவு நிஜமாகவே நம் கையில்தான் இருக்கிறதா?

ராத்திரி பதினொன்றரை மணி. போன் அதிருது. ஸ்க்ரீன்ல ஃப்ரெண்டு பேரு. லேப்டாப்ல ஒரு சீரீஸ் ஓடிக்கிட்டிருக்கு, க்ளைமாக்ஸுக்கு இன்னும் பத்தே நிமிஷம். ‘இவன் ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் பேசுவான், காலையில பார்த்துக்கலாம்’ என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறீர்கள்.

காலையில்தான் விஷயம் தெரிகிறது. அவனுடைய அப்பாவுக்குத் திடீர் நெஞ்சுவலி. ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராண்டாவில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறான். நல்லவேளை, அப்பா பிழைத்துக்கொண்டார். நண்பனும் ‘விடுறா, பரவாயில்ல’ என்கிறான். ஆனால், உங்களுக்குள் ஒரு வார்த்தை மட்டும் நாள்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ‘எடுத்திருக்கலாமே!’

அந்த ‘லாமே’வைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ‘எடுத்தேன்’ என்றால் நடந்தது. ‘எடுப்பேன்’ என்றால் நடக்கப்போவது. ‘எடுத்திருக்கலாம்’ என்பது நடக்கவே இல்லை, இனிமேல் நடக்கவும் போவதில்லை. ஆனாலும், அது நடந்திருக்க முடியும் என்று உறுதியாக நம்புகிறோம். நம்முடைய குற்றவுணர்வு, அடுத்தவர் மேல் நமக்கு வரும் கோபம், பரீட்சையில் ஃபெயிலான பையனைத் திட்டுவது, கோர்ட்டில் கொடுக்கும் தண்டனை... எல்லாமே இந்த ஒரு வார்த்தையின் தலையில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

அந்த வார்த்தை உண்மையா? தத்துவவாதிகள் பல நூற்றாண்டுகளாக இதற்காகத்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையில் ‘ஆமா, நூறு சதவிகிதம் உண்மை’ என்று சொல்லும் ஒரு கட்சி உண்டு. நம்மில் பெரும்பாலானோர் யோசிக்காமலேயே அந்தக் கட்சியில்தான் இருக்கிறோம். ஆனால், அந்தக் கட்சிக்கு எதிராக வைக்கப்பட்டிருக்கும் கேள்விகள் ஒவ்வொன்றும் செம ஸ்ட்ராங். அவற்றைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதல்ல யார் யார் என்ன சொல்றாங்க?

‘எடுத்திருக்கலாம்’ என்பதற்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது.

ஒன்று, ‘யாரும் என் கையைக் கட்டிப்போடல. எனக்கு எடுக்கணும்னு தோணியிருந்தா எடுத்திருப்பேன்.’ இது சாதாரண அர்த்தம். இதில் யாருக்கும் தகராறு இல்லை.

இரண்டாவது அர்த்தம் கொஞ்சம் வில்லங்கமானது. அந்த ராத்திரி பதினொன்றரை மணியை அப்படியே திரும்பக் கொண்டுவருகிறோம். அதே சோர்வு, அதே சீரீஸ், அதே எண்ணம், மூளையில் அதே நரம்புகள் அதே நிலையில். ஓர் அணுகூட மாறவில்லை. அப்போதும் உங்கள் கை போனைக் கவிழ்க்காமல் எடுத்திருக்க முடியுமா?

‘முடியும், அப்படி முடிந்தால்தான் அது ஃப்ரீ வில்’ என்பவர்களைத்தான் தத்துவத்தில் லிபர்டேரியன்கள் என்கிறார்கள். ‘அரசாங்கம் எங்க விஷயத்துல தலையிடக் கூடாது’ என்று சொல்லும் அரசியல் லிபர்டேரியன்கள் வேறு, இவர்கள் வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று.

எதிர்ப்பக்கத்தில் இருப்பது நியதிவாதம். இப்போது உலகம் இருக்கும் நிலையும் இயற்கை விதிகளும் சேர்ந்தால், அடுத்து நடக்கப்போவது ஒன்றே ஒன்றுதான் என்று சொல்வது. பிரெஞ்சு அறிவியலாளர் லாப்லாஸ் 1814-ல் இதற்கு ஒரு கற்பனை சொன்னார். உலகத்தின் ஒவ்வொரு துகளும் எங்கே இருக்கிறது, அதன்மேல் என்ன விசை செயல்படுகிறது என்று முழுக்கத் தெரிந்த ஓர் அறிவு இருந்தால், அதற்குக் கடந்தகாலம் போலவே எதிர்காலமும் கண்முன்னால் தெரியும்.

மூன்றாவதாக, சமரசக்காரர்கள். இணக்கவாதிகள் என்று சொல்லலாம். ‘எல்லாத்துக்கும் காரணம் இருக்கட்டுமே. என் ஆசையும் என் யோசனையும் அந்தக் காரணமா இருந்தா, அது என் முடிவுதான்’ என்பது இவர்கள் கட்சி. முதல் அர்த்தமே போதும் என்பவர்கள்.

தத்துவப் பேராசிரியர்களிடையே 2020-ல் எடுக்கப்பட்ட பெரிய கருத்துக்கணிப்பில் சுமார் 59% பேர் இந்தச் சமரசக் கட்சி. லிபர்டேரியன் பக்கம் சுமார் 19%. ‘ஃப்ரீ வில்லே கிடையாது’ என்றவர்கள் சுமார் 11%. கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர்தான் லிபர்டேரியன். ஏன் மற்றவர்கள் நழுவிவிட்டார்கள் என்பதுதான் நம் கதை.

ஒரு நிமிஷம்... இது தலையெழுத்து விவகாரமா?

இல்லை. இங்கே நிறைய பேர் குழம்பிவிடுவார்கள். ‘எது செஞ்சாலும் நடக்கிறதுதான் நடக்கும்’ என்பது தலையெழுத்துக் கொள்கை. நீங்கள் படித்தாலும் படிக்காவிட்டாலும் ரிசல்ட் ஒன்றுதான் என்கிறது அது. நியதிவாதம் அப்படிச் சொல்லவில்லை. நீங்கள் படித்தால் பாஸ், படிக்காவிட்டால் ஃபெயில். ஆனால், நீங்கள் படிப்பீர்களா மாட்டீர்களா என்பதற்கும் காரணங்கள் இருக்கின்றன என்றுதான் அது சொல்கிறது. தலையெழுத்துக் கொள்கையில் உங்கள் முயற்சிக்கு வேலையே இல்லை. நியதிவாதத்தில் முயற்சிதான் வேலையைச் செய்கிறது. அந்த முயற்சிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது, அவ்வளவுதான்.

லிபர்டேரியன்கள் சொல்றதுலயும் நியாயம் இருக்கே?

நிச்சயமாக. அவர்களை லேசாக எடைபோட்டுவிட முடியாது.

அமெரிக்கத் தத்துவவாதி பீட்டர் வான் இன்வாகன் 1983-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு வாதத்தை வைத்தார். நியதிவாதம் உண்மை என்றால், நான் இப்போது செய்யும் ஒவ்வொன்றும் இயற்கை விதிகளும், நான் பிறப்பதற்கு ரொம்ப காலம் முன்னால் நடந்தவையும் சேர்ந்து கொடுத்த விளைவு. நான் பிறப்பதற்கு முன் நடந்தது என் கையில் இல்லை. இயற்கை விதிகளும் என் கையில் இல்லை. அப்புறம் அவற்றின் விளைவு மட்டும் எப்படி என் கையில் இருக்கும்? போனை எடுக்காததற்கு நீங்கள் பொறுப்பு என்றால், எங்கோ ஓரிடத்தில் அந்தச் சங்கிலி அறுந்திருக்க வேண்டும்.

இதற்கும் நூறு வருஷம் முன்பே, 1884-ல், வில்லியம் ஜேம்ஸ் ஹார்வர்டில் மாணவர்களிடம் பேசினார். ‘இந்தப் பேச்சு முடிந்ததும் நான் வீட்டுக்கு டிவினிட்டி அவென்யூ வழியாகவும் போகலாம், ஆக்ஸ்ஃபோர்டு தெரு வழியாகவும் போகலாம். இரண்டுமே நிஜமாகத் திறந்திருக்கும் பாதைகள்’ என்பது அவருடைய உதாரணத்தின் சாரம். ஆபீஸ் முடிந்து வண்டியை எடுக்கும்போது ‘மெயின் ரோடா, உள்தெருவா?’ என்று யோசிக்கிறோமே, அந்த நேரத்தில் நமக்கும் அப்படித்தானே தோன்றுகிறது?

தோன்றுகிறது. தோன்றுவது நிஜமா என்பதுதான் கேள்வி.

கேள்வி 1: அது சுதந்திரமா, குலுக்கல் சீட்டா?

லிபர்டேரியன்களை ரொம்ப காலமாகத் துரத்தும் கேள்வி இது. ஸ்காட்லாந்து தத்துவவாதி டேவிட் ஹியூம் 18-ம் நூற்றாண்டிலேயே இதைப் பிடித்துவிட்டார். ஒரு செயலுக்குக் காரணம் இல்லை என்றால், அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘தற்செயல்’. என் குணத்திலிருந்து வராமல் தற்செயலாக வந்து விழுந்த ஒரு செயலுக்கு என்னை எப்படிப் பாராட்டுவது, எப்படித் திட்டுவது?

இதைப் புரியவைக்க ஒரு அட்டகாசமான கற்பனைச் சோதனை இருக்கிறது. சுவாரஸ்யம் என்னவென்றால், இதைச் சொன்னவர் அதே வான் இன்வாகன். லிபர்டேரியன் கட்சிக்காரரே சொந்தக் கட்சிக்கு எதிராகக் கேட்ட கேள்வி! ஆலிஸ் என்ற பெண் உண்மை சொல்வதா, பொய் சொல்வதா என்று தவிக்கிறாள். கடைசியில் உண்மையைச் சொல்கிறாள். கடவுள் இப்போது உலகத்தைச் சரியாக ஒரு நிமிஷம் ரீவைண்டு பண்ணி மறுபடி ஓடவிடுகிறார். ஒரு தடவை இல்லை, ஆயிரம் தடவை. லிபர்டேரியன் சொல்வது சரி என்றால், சில தடவை உண்மை சொல்வாள், சில தடவை பொய் சொல்வாள்.

நம் போன் கதையில் போட்டுப் பாருங்கள். ஆயிரம் ரீப்ளேயில் ஒரு அறுநூறு தடவை நீங்கள் போனைக் கவிழ்க்கிறீர்கள், நானூறு தடவை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் நீங்கள் அதே ஆள். அதே அன்பு, அதே சோம்பேறித்தனம், அதே யோசனை. ஆயிரத்து ஒன்றாவது தடவை என்ன ஆகும்? ‘அறுபது சதவிகிதம் கவிழ்ப்பார்’ என்று சொல்லலாம், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. இது கிட்டத்தட்ட காசு சுண்டுவது மாதிரி ஆகிவிட்டதே! போனை எடுத்த ‘உங்களுக்கும்’ எடுக்காத ‘உங்களுக்கும்’ உள்ளுக்குள் துளி வித்தியாசம்கூட இல்லை. இருந்தது அதிர்ஷ்ட வித்தியாசம் மட்டும்தான்.

‘இல்ல இல்ல, ரெண்டு பேருக்கும் நடுவுல வித்தியாசம் இருந்தது’ என்று சொல்லப் பார்த்தால், ரீவைண்டு சரியாக நடக்கவில்லை என்று ஆகிவிடும். சோதனையின் விதியே எல்லாம் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான்.

ராபர்ட் கேன் என்ற தத்துவவாதி இதற்கு ஒரு நல்ல பதில் வைத்திருந்தார். ஒரு பெண் முக்கியமான பிசினஸ் மீட்டிங்குக்கு ஓடிக்கொண்டிருக்கிறார். வழியில் ஒரு சந்தில் யாரையோ அடிக்கிறார்கள். நின்று உதவினால் மீட்டிங் போச்சு. உதவாவிட்டால் மனசாட்சி விடாது. அந்த நேரத்தில் அவர் மனம் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் முட்டி மோதுகிறது என்கிறார் கேன். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் அது அவர் முயன்றதுதான், அவர் விரும்பியதுதான். கோபத்தில் கண்ணாடி மேஜையில் ஓங்கிக் குத்துகிறவன் கதையையும் சொல்வார். கண்ணாடி உடையுமா உடையாதா என்பது முன்கூட்டியே முடிவாகவில்லை என்றாலும், உடைந்துவிட்டால் ‘அது தற்செயல், நான் பொறுப்பில்ல’ என்று அவன் தப்பிக்க முடியாது இல்லையா?

நல்ல பதில்தான். ஆனால், ஓட்டை இருக்கிறது. மேஜையை உடைப்பவன் ஒன்றைச் செய்யத்தான் முயன்றான். ஆகவே அவன் பொறுப்பு என்று ஒப்புக்கொள்ளலாம். இங்கே அந்தப் பெண் இரண்டையும் முயல்கிறார். உதவுவதற்கு ஒரு காரணம் சொல்லலாம், ஓடுவதற்கு ஒரு காரணம் சொல்லலாம். ‘ஓடாமல் ஏன் உதவினார்?’ என்று கேட்டால்? அதற்கு மட்டும் பதில் இல்லை. டெர்க் பெரிபூம் என்ற தத்துவவாதி இதைக் ‘காணாமல் போகும் ஆள்’ என்கிறார். காரணங்கள் இரண்டு பக்கமும் சமமாக இழுக்க, முடிவெடுக்க வேண்டிய அந்த நொடியில், முடிவெடுக்க வேண்டிய ஆளையே காணோம்!

கேள்வி 2: குவாண்டம் வந்து காப்பாத்துமா?

இந்த இடத்தில் யாராவது ஒருவர் நிச்சயம் கையைத் தூக்குவார். ‘சயின்ஸே எல்லாம் முன்கூட்டி முடிவானதில்லைன்னு சொல்லுதே!’

உண்மைதான். 1927-ல் ஹைசன்பர்க் நிச்சயமின்மைக் கோட்பாட்டைச் சொன்ன பிறகு, லாப்லாஸின் கற்பனைக்குப் பெரிய அடி விழுந்தது. குவாண்டம் இயற்பியலின் வழக்கமான விளக்கப்படி ஒரு கதிரியக்க அணு எப்போது சிதையும் என்பதற்கு நிகழ்தகவுதான் உண்டு, முன்முடிவு கிடையாது.

இந்த ஐடியாவும் புதிதல்ல. இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்பு கிரேக்கத்தில் எபிகூரஸ் வழி வந்தவர்கள், ‘நேராக விழுந்துகொண்டிருக்கும் அணுக்கள் எந்தக் காரணமும் இல்லாமல் அவ்வப்போது லேசாக விலகும், அதனால்தான் நமக்கு விதியிலிருந்து விடுதலை’ என்றார்கள். அப்போதே எதிராளிகள் சிரித்தார்கள்.

ஏன் சிரித்தார்கள்? முந்தைய கேள்வியை நினைத்துப் பாருங்கள். என் மூளைக்குள் ஓர் எலெக்ட்ரான் காரணமே இல்லாமல் இந்தப் பக்கம் துள்ளியதால் நான் போனைக் கவிழ்த்தேன் என்றால், அதில் ‘நான்’ எங்கே இருக்கிறேன்? அந்த எலெக்ட்ரான் என்னைக் கேட்டுவிட்டா துள்ளியது? நியதிவாதத்தில் நான் பழைய காரணங்களின் கைப்பாவை என்று பயந்தால், இங்கே நான் பகடைக்காயின் கைப்பாவை.

ஆக, நியதிவாதம் பொய் என்று நிரூபித்தால் மட்டும் லிபர்டேரியன் ஜெயித்ததாக ஆகாது. சங்கிலி அறுந்தது என்று காட்டினால் போதாது. அறுத்தது நான்தான் என்று காட்ட வேண்டும்.

கேள்வி 3: ‘நான்தான் காரணம்’னு சொன்னா முடிஞ்சிடுமா?

‘சரி, அப்ப நேராவே சொல்லிடறோம்’ என்கிறது லிபர்டேரியன்களில் இன்னொரு பிரிவு. 18-ம் நூற்றாண்டில் தாமஸ் ரீட், 1964-ல் ரோடரிக் சிஸோம் போன்றவர்கள் சொன்னது இது. என் செயலுக்குக் காரணம் என் மூளை நிலையும் இல்லை, என் ஆசையும் இல்லை. நான் என்கிற ஆள்தான் காரணம். வேறெதுவும் தள்ளிவிடாமல் தானே ஒரு புதுச் சங்கிலியைத் தொடங்கிவைக்கும் சக்தி மனிதனுக்கு உண்டு. கடவுளுக்கு மட்டும் இருப்பதாகச் சொல்லப்படும் ஒரு சக்தியை நமக்கும் கொடுப்பது இது என்று சிஸோமே ஒப்புக்கொண்டார்.

கேட்க கம்பீரமாக இருக்கிறது. ஆனால், கேம்பிரிட்ஜில் சி.டி.பிராடு 1934-ல் கேட்ட கேள்வி இன்னும் நிற்கிறது. நான் என்கிற ஆள் பதினொரு மணிக்கும் இருந்தேன், பதினொன்றரைக்கும் இருந்தேன், பன்னிரண்டுக்கும் இருந்தேன். அப்படியிருக்க, போனைக் கவிழ்த்தது சரியாகப் பதினொன்றரைக்கு நடந்தது ஏன்? ‘அப்பதானே போன் வந்தது, அப்பதானே அந்த எண்ணம் வந்தது’ என்றால், நிகழ்ச்சிகள் காரணமாகிவிட்டன. ஆள் மட்டும்தான் காரணம் என்ற கதை போய்விட்டது. ‘இல்ல, ஆள் மட்டும்தான்’ என்றால், ஏன் அந்த நேரம் என்பதற்கு விளக்கமே கிடையாது.

சுருக்கமாகச் சொன்னால், ‘நான்’ என்ற சொல் இங்கே விளக்கம் மாதிரித் தெரிகிறது. உண்மையில் கேள்வியைத்தான் வேறு சட்டை போட்டுக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

கேள்வி 4: உன்னை உருவாக்கினது யாரு?

இது கொஞ்சம் ஆழமாகக் குத்தும். கேலன் ஸ்ட்ராசன் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி 1994-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்த வாதத்தைத் தெளிவாக வைத்தார். படிப்படியாகப் பார்ப்போம்.

நீங்கள் ஒன்றைச் செய்வது, நீங்கள் இப்படிப்பட்ட ஆளாக இருப்பதால். ஆக, செய்ததற்கு முழுமுற்றான பொறுப்பு உங்களுக்கு வேண்டும் என்றால், நீங்கள் இப்படிப்பட்ட ஆளாக இருப்பதற்கும் நீங்களே பொறுப்பாக இருக்க வேண்டும். அதற்கு, உங்களை நீங்களே யோசித்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கியிருக்க வேண்டும். அப்படித் தேர்ந்தெடுக்க, அதற்கு முன்பே ஏதோ ஒரு குணமும் விருப்பமும் உங்களுக்கு இருந்திருக்க வேண்டும். அந்தக் குணத்தை யார் தேர்ந்தெடுத்தது? அதற்கும் முன்னால்? இப்படியே பின்னால் போனால், பிறந்த வீடு, பெற்றோர், மரபணு, வளர்ந்த தெரு என்று நீங்கள் தேர்ந்தெடுக்காத ஓர் இடத்தில்தான் போய் முட்டும்.

‘நான் என்னை மாத்திக்கிட்டேனே! காலேஜ்ல கோவக்காரன், இப்ப எவ்வளவு பொறுமை தெரியுமா?’ என்று கேட்கலாம். உண்மையாகவே மாறியிருக்கலாம். ஆனால், மாற வேண்டும் என்ற எண்ணமும், மாறும் வரை விடாமல் இருக்கும் பிடிவாதமும் உங்களுக்கு எங்கிருந்து வந்தன? அதே தெருவில் வளர்ந்த இன்னொருவனுக்கு ஏன் வரவில்லை?

இந்த வாதத்தில் கவனிக்க வேண்டிய விஷயம், இதற்கு நியதிவாதம் உண்மையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நடுவில் எத்தனை இடத்தில் சங்கிலி அறுந்தாலும், தற்செயல் புகுந்தாலும், தன்னைத் தானே அடியிலிருந்து உருவாக்கிக்கொள்வது முடியாத காரியம். ஜெர்மன் தத்துவவாதி நீட்சே 1886-லேயே இதைக் கிண்டலடித்தார். சேற்றில் மாட்டிக்கொண்டு, தன் தலைமுடியைத் தானே பிடித்துத் தூக்கி வெளியே வந்ததாகக் கதைவிட்ட பேரன் முன்சாசன் மாதிரிதான் இது என்பது அவருடைய கிண்டல்.

கேள்வி 5: வேற வழி இருந்தே ஆகணுமா?

கடைசிக் கேள்வி, லிபர்டேரியன் கட்சியின் அஸ்திவாரத்தையே ஆட்டிப்பார்க்கிறது. பொறுப்பு வர ‘வேற மாதிரி செய்திருக்க முடியும்’ என்பது நிஜமாகவே தேவையா?

17-ம் நூற்றாண்டிலேயே ஜான் லாக் ஒரு சின்னக் கதை சொன்னார். தூங்கும் ஒருவனைத் தூக்கிக்கொண்டுபோய் ஓர் அறையில் வைத்து வெளியே பூட்டிவிடுகிறார்கள். விழித்துப் பார்த்தால், அவன் ரொம்ப நாளாகப் பார்க்க ஆசைப்பட்டவர் அங்கே இருக்கிறார். சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறான். பூட்டியிருப்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. வெளியே போக வழியில்லை. ஆனாலும், அவன் இருப்பது அவன் இஷ்டப்பட்டுத்தானே?

1969-ல் ஹாரி ஃப்ராங்ஃபர்ட் இதே பாதையில் இன்னும் கூர்மையாகப் போனார். ஒருவன் தானாகவே ஒரு தப்பைச் செய்ய முடிவெடுக்கிறான். அவன் மனம் மாறுவதாகத் தெரிந்தால் உடனே அவனைச் செய்யவைக்க ஓர் ஆள் மறைவில் தயாராக நிற்கிறான். ஆனால், தேவையே வரவில்லை. இவன் தானாகவே செய்துவிட்டான். வேறு வழி இல்லைதான். ஆனாலும், இவனைக் குற்றவாளி இல்லை என்போமா?

லிபர்டேரியன்கள் விடவில்லை. ‘அவன் மனம் மாறப்போவது மறைவில் நிற்பவனுக்கு எப்படி முன்கூட்டியே தெரியும்? தெரியும் என்றால், முடிவு முன்பே நிர்ணயமாகிவிட்டது என்று நீங்களே எடுத்துக்கொண்டீர்களே’ என்று திருப்பிக் கேட்டார்கள். சரியான பதிலடி. அந்த வாதம் இன்றுவரை முடியவில்லை.

ஆனால், சின்ன விஷயங்களில் நமக்கே இது தெரியும். ‘உங்க குழந்தையை அடிச்சா ஆயிரம் ரூபாய் தர்றேன்’ என்று யாராவது சொன்னால், ‘என்னால முடியாது’ என்பீர்கள். அந்த ‘முடியாது’ உங்கள் சுதந்திரத்தைக் குறைத்துவிட்டதா? உங்களை நீங்களாகக் காட்டுவதே அதுதானே!

மூளை ஸ்கேன் எல்லாம் வந்துடுச்சே?

இன்ஸ்டாவில் அடிக்கடி சுற்றும் ஒரு தகவலையும் தொட்டுவிடலாம். 1983-ல் பெஞ்சமின் லிபெட் நடத்திய சோதனையில், மணிக்கட்டை அசைப்பதற்கு அரை விநாடிக்கும் சற்று முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்கிவிட்டது. ‘அசைக்கணும்’ என்ற எண்ணம் வந்ததாக ஆட்கள் சொன்னதோ அசைவுக்குச் சுமார் 0.2 விநாடி முன்னால்தான். ‘பாத்தீங்களா, மூளை முதல்லயே முடிவெடுத்துடுச்சு’ என்று தலைப்புச் செய்தி ஆனது.

அவசரப்பட வேண்டாம். 2012-ல் ஆரோன் ஷுர்கரும் அவருடைய குழுவினரும், அந்த மின்மாற்றம் முடிவே இல்லை, மூளையின் பின்னணி இரைச்சல் ஏறி இறங்குவதாகவும் அதை விளக்கலாம் என்று காட்டினார்கள். தவிர, காரணமே இல்லாமல் மணிக்கட்டை ஆட்டுவதும், அம்மாவுக்கு போன் பண்ணலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசிப்பதும் ஒன்றா? லிபர்டேரியன்களுக்கு நிஜமான தலைவலி கொடுப்பவை மேலே பார்த்த ஐந்து கேள்விகள்தான். அவற்றுக்கு ஸ்கேன் மெஷின் தேவையில்லை, சாய்வு நாற்காலி போதும்.

அப்போ யாரையும் எதுக்கும் திட்டவே கூடாதா?

இங்கேதான் விஷயம் நம் வாழ்க்கைக்கு வருகிறது.

லிபர்டேரியன் கட்சி தோற்றுவிட்டது என்று யாரும் எழுதிக் கொடுத்துவிடவில்லை. வான் இன்வாகனே என்ன செய்தார் தெரியுமா? ‘இந்தக் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால், நமக்கு ஃப்ரீ வில் இருக்கிறது. அது எப்படி என்பது மர்மம்’ என்ற நிலைக்கு வந்தார். நேர்மையான பதில். ஆனால், அந்த மர்மத்தை நம்பி ஒருவரை வாழ்நாள் முழுக்க வெறுக்கலாமா, ‘இவனுக்கு வேணும்’ என்று தண்டனை கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி.

பெரிபூம் இதை நேராகக் கேட்கிறார். தொற்றுநோய் வந்தவரைத் தனிமைப்படுத்துகிறோம். அவர் மேல் கோபத்தால் இல்லை, மற்றவர்களைக் காப்பாற்ற. அதேபோல ஆபத்தான குற்றவாளியைத் தடுத்து வைக்கலாம், திருத்தப் பார்க்கலாம். ‘அனுபவிக்கட்டும்’ என்று வலிக்கவைக்க மட்டும் நமக்கு உரிமை இல்லை என்கிறார். கேலன் ஸ்ட்ராசனின் அப்பா பீட்டர் ஸ்ட்ராசன் வேறு பக்கம் நிற்கிறார். கோபம், நன்றி, வருத்தம், மன்னிப்பு எல்லாம் மனித உறவின் நெசவு என்று 1962-லேயே எழுதினார். ஏதோ ஒரு கோட்பாடு பொய்யாகிவிட்டது என்று அந்த நூலை உருவிவிட முடியாது என்பது அவர் கட்சி. இந்த விஷயத்தில் அப்பாவும் மகனும் எதிரெதிர்ப் பக்கம்.

இந்தக் கத்தி திட்டுவதை மட்டும் வெட்டாது, பெருமையையும் வெட்டும். ‘நான் ஒத்தையா உழைச்சு முன்னேறினேன், அவனால ஏன் முடியல?’ என்று கேட்கும் முன், அந்த உழைக்கும் குணம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்க்கலாம்.

திரும்பவும் அந்த போனுக்கு வருவோம்

‘எடுத்திருக்கலாமே!’ அந்த வார்த்தையை இப்போது என்ன செய்வது?

லிபர்டேரியன் சொல்லும் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டால், எல்லாம் அப்படியே இருந்தும் கை வேறு பக்கம் போயிருக்க முடியும். கேட்க ஆறுதல் மாதிரி இருக்கிறது. ஆனால், யோசித்துப் பாருங்கள். எல்லாம் அப்படியே இருந்தும் முடிவு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழும் என்றால், நீங்கள் நண்பனிடம் கேட்கும் மன்னிப்புக்கு என்ன அர்த்தம்? நீங்கள் எவ்வளவு மாறினாலும், அந்தக் கடைசி நொடியில் குலுக்கல் எப்படி விழுமோ?

சாதாரண அர்த்தத்தில் எடுத்துப் பாருங்கள். அன்றைக்கு நீங்கள் போனைக் கவிழ்த்ததற்குக் காரணம் இருந்தது. ‘இவன் சும்மாதான் பேசுவான்’ என்ற நினைப்பு. பத்து நிமிஷ க்ளைமாக்ஸ் அவனைவிடப் பெரிதாகத் தெரிந்த ஒரு பழக்கம். யாரும் துப்பாக்கியைக் காட்டவில்லை. அது உங்கள் நினைப்பு, உங்கள் பழக்கம். அதனால்தான் வருத்தம் நியாயம். காரணம் இருந்ததால்தான் அதை மாற்றவும் முடியும். நினைப்பு மாறினால் அடுத்த ராத்திரி கையும் மாறும்.

அப்படிப் பார்த்தால் ‘எடுத்திருக்கலாமே’ என்பது பழைய ராத்திரியைப் பற்றிய வார்த்தை மாதிரி தெரிந்தாலும், அதன் வேலையெல்லாம் வரப்போகும் ராத்திரியில்தான். உங்களை நீங்களே வருஷக்கணக்கில் அடித்துக்கொள்ள அது தேவையில்லை. ‘நான் அப்படித்தான், என்ன பண்றது’ என்று கையை உதறவும் அது விடாது.

தத்துவச் சண்டை எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் ஒரு சின்ன வேலை இருக்கிறது. உங்கள் போனில் மிஸ்டு கால் லிஸ்ட்டைத் திறந்து பாருங்கள். யாராவது காத்துக்கொண்டிருக்கலாம்!